எச்.பைலோரி கிருமி: பரிசோதனை முதல் பூண்டு, கருஞ்சீரகம் வரை – நீலகிரிவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, எந்த ஊர் மெடிக்கலில் போய் நின்றாலும் சற்று நேரத்தில் ஒருவராவது வந்து "கேஸ் மாத்திரை ஒரு அட்டை கொடுங்க" என்பார். போட்டதும் எரிச்சல் அடங்கும், அட்டை தீர்ந்ததும் திரும்ப வரும். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வயிற்றின் உட்சுவரில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி குடியிருக்கும். சுருக்கமாக எச்.பைலோரி.

பூண்டைப் பச்சையாக மெல்லு, தேனைக் குடி, கருஞ்சீரகம் சாப்பிடு என்று இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களுக்கு ஊரில் குறைவில்லை. அவற்றில் சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. என் கட்சி என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வைத்தியத்தை எடுத்தாலும் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை, முடித்த பின் ஒரு பரிசோதனை என்று இரண்டும் வேண்டும். வலி போய்விட்டதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. வலியே இல்லாமல் ஆயுள் முழுக்க இந்தக் கிருமியைச் சுமக்கிறவர்கள்தான் அதிகம்.

கிருமியைப் பற்றிக் கொஞ்சம்

அல்சர் என்றால் கவலையாலும் காரத்தாலும் வருவது என்றுதான் மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1982-இல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-இல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, எச்.பைலோரியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இதைப் படித்துப் பதற வேண்டாம். கிருமி உள்ள 100 பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வயிற்றுப்புண் வருகிறது. புற்றுநோய் வரை போவது ஒன்றிலிருந்து மூன்று பேர். அதற்காக அலட்சியமும் கூடாது. புண், ரத்தக்கசிவு, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு எல்லாவற்றுக்கும் பின்னால் இது இருக்கலாம்.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் எளிதில் பிழைக்காது. இது பிழைப்பதற்குக் காரணம் யூரியேஸ் என்ற நொதி. வயிற்றில் இருக்கும் யூரியாவை அது அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அமோனியா சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்த, கிருமி சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. இந்த யூரியேஸை நினைவில் வையுங்கள். மூச்சுப் பரிசோதனை வேலை செய்வதும் இதை வைத்துத்தான், பூண்டும் தேனும் கண்ணாடிக் குழாயில் கொல்கிற கிருமியை வயிற்றில் தொட முடியாமல் போவதற்கு அந்தச் சளிப்படலமும் ஒரு காரணமாகலாம்.

முதல் படி: வீட்டில் உட்காரக் கூடாத நிலை எது?

மலம் தார் போலக் கறுத்துப் போனால், ரத்தமாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வாந்தி வந்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், வாந்தி நிற்காமல் போனால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வயிற்று உபாதை தொடங்கினாலும், பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்திருந்தாலும் நேராக எண்டோஸ்கோப்பிதான் (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) சரி.

இன்னொன்று, மலையில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் என்றால் அது கேஸ் என்று சோடா வாங்கிக் குடித்துப் படுத்துவிடாதீர்கள். மாரடைப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கும். இசிஜி எடுக்கும் வசதி பக்கத்திலேயே இருந்தாலும், அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் பலருக்கும் பர்லியாறு வளைவுகளில் இறங்கிக் கோவை போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தைப் படுக்கையில் செலவழிக்கக் கூடாது.

இரண்டாம் படி: மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

வயிற்றுப்புண்ணுக்கு எச்.பைலோரிக்கு அடுத்த பெரிய காரணம் வலி மாத்திரை. கூடையைச் சுமந்து சரிவில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முட்டிவலியும் இடுப்புவலியும் சகஜம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் கலந்த மாத்திரைகளைச் சாயந்திரம் ஒன்று, காலையில் ஒன்று என்று மாதக்கணக்கில் போடுகிறார்கள். அப்படி இருந்தால் கிருமியை மட்டும் விரட்டிப் பயனில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் திக்கான சாயாவை இரண்டு மூன்று டம்ளர் குடித்தால் எரியத்தான் செய்யும். அதனால் கிருமி வருவதில்லை. ஆனாலும் வயிறு சரியாகும் வரை ஏதாவது சாப்பிட்ட பிறகு குடிப்பது நல்லது. தேயிலை நாட்டிலேயே இருந்துகொண்டு டீயை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாம் படி: எந்தப் பரிசோதனை?

இங்கேதான் பணமும் காலமும் வீணாகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தவிர்க்க வேண்டியவை. காலையில் வெறும் வயிற்றில் சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து குடித்து, எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று கைபேசி வழியாகச் சுற்றுகிறது. சோடா உப்பு அமிலத்தில் பட்டால் வாயு வரும், ஏப்பம் வரும். அதிலிருந்து கிருமியைப் பற்றி எதுவும் தெரியாது.

கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை எல்லா லேபிலும் கிடைக்கும், சுலபமானது, ஆனால் ஏமாற்றும். என்றோ வந்து போன கிருமிக்கும் பாசிட்டிவ் காட்டும். கிருமி அழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். சிகிச்சைக்குப் பின் பலன் பார்க்க இதைச் செய்வது சுத்தமாக வீண்.

நம்பத் தக்கவை மூன்று.

மல ஆன்டிஜன் பரிசோதனை. கிருமியின் புரதம் மலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. மலையை விட்டு இறங்காமல் செய்து முடிக்க இதுதான் தோது, மாதிரியைக் கொடுத்தால் லேப்காரர்களே கோவைக்கு அனுப்பிவிடுவார்கள். உடனடி அட்டைப் பரிசோதனையை விட, லேபில் கருவி வைத்துச் செய்யும் எலிசா முறை துல்லியமானது, கேட்டு வாங்குங்கள். மாதிரியில் சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. லேப் தரும் டப்பாவில் எடுத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊட்டிக் குளிர்தானே என்று ஜன்னலோரம் வைத்தால் போதாது. இரண்டு முதல் எட்டு டிகிரி வேண்டும், பகல் வெயிலில் அது நிற்காது. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் எடுக்காதீர்கள், நீர்த்த மலத்தில் முடிவு தவறலாம்.

யூரியா மூச்சுப் பரிசோதனை. வெறும் வயிற்றில் போய் ஒரு பையில் ஊதி, யூரியா கலந்த மருந்தைக் குடித்து, சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியேஸ் அந்த யூரியாவை உடைத்து, அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் வெளியே வந்துவிடும். கார்பன்-13, கார்பன்-14 என்று இரண்டு வகை உண்டு. பதின்மூன்றில் கதிர்வீச்சே இல்லை. பதினான்கில் மிகச் சிறிதளவு உண்டு, நாம் இயற்கையாகவே ஒரு நாளில் வாங்கும் அளவைவிடக் குறைவு. இருந்தாலும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பதின்மூன்றைக் கேட்பது நல்லது. இதற்குப் பெரும்பாலும் கோவைதான். போவதற்கு முன் போன் செய்து கருவி வேலை செய்கிறதா, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிய பிறகு "கருவி ரிப்பேர்" என்று கேட்டால் வருகிற கோபமே புண் உண்டாக்கிவிடும்.

எண்டோஸ்கோப்பி. முதல் படியில் சொன்ன அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இது. புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு, சுவரிலிருந்து துளியூண்டு சதை எடுத்து யூரியா கலந்த ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் ரோஜா நிறமாகும். ரத்தம் கசியும் புண் இருக்கும்போது மட்டும் இது பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்.

நான்காம் படி: பரிசோதனைக்குத் தயாராவது

பலருடைய நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமில்லாமல் போவது இந்த இடத்தில்தான். பான்டோபிரசோல், ஒமெபிரசோல், ரேபிபிரசோல், எசோமெபிரசோல் என்று "பிரசோல்" என முடியும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும், ஆனால் அழிக்காது. இவற்றை இரண்டு வாரம் நிறுத்திய பிறகே மலமோ மூச்சோ பரிசோதிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் (வயிற்றுப்புண்ணுக்குத் தரும் ஒரு மருந்து) என்றால் நான்கு வாரம்.

இடையில் எரிந்தால்? சாதாரண ஆன்டாசிட் டானிக் பெரிதாகத் தொந்தரவு தராது, முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். ஃபமோடிடின் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம், பரிசோதனைக்கு ஒன்றிரண்டு நாள் முன் நிறுத்த வேண்டும். முன்பு ரத்தக்கசிவு வந்தவர்களும், ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுபவர்களும் பிரசோல் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இயற்கை வைத்தியத்துக்கும் இதே விதிதான். பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் கருஞ்சீரகம், ப்ரோக்கோலி முளை, பூண்டுச்சாறு எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். உதாரணமாக, ப்ரோக்கோலி முளையில் உள்ள சல்ஃபோராஃபேன் யூரியேஸையே முடக்கும். கிருமி உயிரோடு இருக்கும்போதே மூச்சுப் பரிசோதனையில் அளவு குறைந்து காட்ட அது ஒரு காரணமாகலாம்.

ஐந்தாம் படி: பாசிட்டிவ் வந்தால்

இந்தக் கிருமியை நம்பகமாக ஒழிப்பது ஆன்டிபயாட்டிக் கூட்டு மருந்துதான். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பொதுவாக 14 நாள். ஒரு பிரசோல் மாத்திரையோடு அமாக்ஸிசிலினும் கிளாரித்ரோமைசினும் சேர்வது ஒரு முறை. பிரசோல், பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என நான்கு சேர்வது இன்னொன்று. இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் பழகிப்போன கிருமிகள் நிறைய. முன்பு காய்ச்சலுக்கு, பல்வலிக்கு, வயிற்றுப்போக்குக்கு என்னென்ன ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்கள் என்ற விவரம் மருத்துவருக்கு அதனால்தான் முக்கியம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் பிரசவம் வரை தள்ளிப்போடுவார்கள்.

பதினாலு நாளில் நடைமுறையாகக் கவனிக்க வேண்டியவை இவை. பிரசோல் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன். டெட்ராசைக்ளினைப் பாலோடும், இரும்பு, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது கூடாது. வாயில் உலோகச் சுவை வரும், மருந்து முடிந்ததும் போய்விடும். பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், இரும்பு மாத்திரையும் அப்படித்தான், அதைப் பார்த்து அலற வேண்டாம். ஆனால் கறுப்போடு தலைசுற்றலும் பிசுபிசுப்பும் நாற்றமும் சேர்ந்தால் மருத்துவமனை. நாலு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அது வேலை செய்யாது.

ஆறாம் படி: இயற்கைப் பொருட்கள், ஒவ்வொன்றாக

தயிரும் மோரும். என் பட்டியலில் முதலிடம் இதற்கு. மருந்தோடு சேர்த்து லாக்டோபேசிலஸ் போன்ற நல்ல கிருமிகளைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறைகிறது, 14 நாளை முழுதாக முடிக்க முடிகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவை குறிப்பிட்ட வகைகளை வைத்துச் செய்தவை, வீட்டுத் தயிர் அச்சு அசல் அதுவே ஆகாது. ஆனாலும் கெடுதல் இல்லை, மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மலைக்குளிரில் தயிர் உறையாது என்பவர்கள் ஹாட்பாக்ஸில் ஊற்றி அடுப்பு மேடை ஓரம் வைத்தால் உறையும்.

ப்ரோக்கோலி முளை. நீலகிரியில் ப்ரோக்கோலி விளைகிறது, ஆனால் ஆய்வுகள் பேசுவது காயைப் பற்றி இல்லை, விதை முளைத்த சில நாள் பயிரைப் பற்றி. ஜப்பானில் 48 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், தினம் 70 கிராம் வீதம் எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிருமியின் அளவு குறைந்தது. நிறுத்தி இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடக்கும், ஒழிக்காது. வீட்டில் முளைக்கவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விவசாயத்துக்கு விற்கும் விதையில் பெரும்பாலும் சாயம் கலந்த பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். அதை மண்ணில் விதைக்கலாம், முளைவிட்டுத் தின்னக் கூடாது. உணவுக்கென்று விற்கும் விதைதான் வேண்டும்.

பூண்டு. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் ஊட்டிப் பூண்டின் காரம் தெரிந்தவர்களுக்கு, இது கிருமியைக் கொல்லும் என்று நம்பத் தோன்றும். ஆய்வகத் தட்டில் கொல்லவும் செய்கிறது. மனிதர்களைச் சாப்பிடவைத்துப் பார்த்த சிறு ஆய்வில் கிருமி அசையவில்லை. சமையலில் தாராளமாகப் போடுங்கள். புண் உள்ள வயிற்றில் விடிகாலையில் பச்சைப் பூண்டை மென்று தண்டனை அனுபவிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருந்து அளவில் பூண்டு எடுக்கக் கூடாது.

கருஞ்சீரகம். பட்டியலில் ஓரளவு ஆச்சரியம் தந்தது இது. சவூதியில் நடந்து 2010-இல் வெளியான சிறிய ஆய்வில் ஒமெபிரசோலோடு தினம் 2 கிராம் கருஞ்சீரகப் பொடி எடுத்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கிருமி போனது. வழக்கமான மூன்று மருந்துக் கூட்டு அதைவிட நன்றாகவே வேலை செய்தது. 3 கிராம் எடுத்த குழுவில் பலன் பாதிக்கும் கீழே இறங்கியது. கூட்டினால் கூடும் என்ற நம் வழக்கமான கணக்கு இதில் செல்லவில்லை. ஒரு சிறு ஆய்வை வைத்துச் சிகிச்சையை மாற்ற முடியாது, துணையாக வேண்டுமானால் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

தேன். குறும்பர்கள் பாறைகளில் ஏறி எடுக்கும் மலைத்தேனுக்கு ஈடு இல்லை, சுவையில். கிருமியைத் தடுக்கும் தன்மை தேனுக்கு ஆய்வகத்தில் உண்டு, வயிற்றில் நீர்த்துப் போகிறது. சர்க்கரை நோயாளிகளும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் விலகியிருக்க வேண்டும்.

அதிமதுரம் எரிச்சலைத் தணிக்கும். தினமும் வாரக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடாதீர்கள். மஞ்சளைப் பற்றிய பேச்சு அதிகம், கிருமியை ஒழித்த சான்று குறைவு. மணத்தக்காளிக் கீரை புண்ணுக்கு இதமான சாப்பாடு, அந்த அளவில் நல்லதுதான். முட்டைக்கோஸ் சாறு அல்சரை ஆற்றுகிறது என்று கார்னெட் செனி என்ற அமெரிக்க மருத்துவர் 1949-இல் எழுதினார். அப்போது இந்தக் கிருமியே யாருக்கும் தெரியாது. புண் ஆறினாலும் கிருமி அங்கேயே இருந்தால் புண் திரும்பும். முட்டைக்கோஸுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் குடிக்கலாம், கேஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கு வயிறு உப்பும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. நீலகிரித் தைலத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் வயிற்றுக் கிருமி சாகும் என்று சிலர் சொல்கிறார்கள். யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளுக்குப் போனால் நஞ்சு. ஒரு ஸ்பூன் அளவே வலிப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரலாம், குழந்தைகளுக்கு உயிர் ஆபத்து. மேலே தடவுவதோடு நிறுத்துங்கள். லேபிள் இல்லாத பொட்டலச் சூரணங்களையும் வாங்காதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள், அவரிடமும் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

இவ்வளவு படித்த பின்னும் இயற்கை வழியை மட்டும் முயல்வேன் என்றால், புண் இல்லை, ரத்தக்குறைவு இல்லை, குடும்பத்தில் புற்றுநோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, எட்டு வாரம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பொருள். அப்புறம் இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தி, பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் வாதாடாமல் மருந்துக்கு வாருங்கள்.

ஏழாம் படி: தண்ணீரும் வீடும்

கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. வாய் வழியாக, மலம் கலந்த தண்ணீர் வழியாக, கழுவாத கை வழியாக. எஸ்டேட் லைன் வீடுகளில் பல குடும்பங்கள் ஒரே கழிப்பறை, ஒரே குழாய் என்று இருக்கும் இடங்களில் கவனம் அதிகம் வேண்டும். குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஊற்றுத் தண்ணீர் சுத்தம் என்ற நம்பிக்கை இங்கே பலமானது. ஊற்றுக்கு மேலே வீடோ மாட்டுக்கொட்டகையோ இருந்தால் அந்த நம்பிக்கையை விட்டுவிட்டுக் கொதிக்கவைக்க வேண்டியதுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அது போதும், ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் தளதளவெனக் கொதித்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும். குன்னூரிலும் கூடலூரிலும் ஒரு நிமிடம் போதும்.

எட்டாம் படி: மறுபரிசோதனை

ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம், பிரசோல் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, மலம் அல்லது மூச்சுப் பரிசோதனை. முன்பு எந்த முறையில் செய்தீர்களோ அதே முறை, முடிந்தால் அதே லேப். இந்தத் தேதியை மருந்து வாங்கும் நாளிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். குளிரும் மழையும் சேர்ந்துவிட்டால் லேபுக்குப் போவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

நெகட்டிவ் என்றால் அந்த அத்தியாயம் முடிந்தது. பெரியவர்களுக்கு மறுபடி தொற்றுவது அவ்வளவு அடிக்கடி நடப்பதில்லை. பாசிட்டிவ் என்றால் அதே மருந்தை மறுபடி எடுப்பதில் பயனில்லை. குறிப்பாகக் கிளாரித்ரோமைசின் முதல் முறை எடுத்திருந்தால் இரண்டாம் முறை வேறு கூட்டு வேண்டும். முதல் முறை சாப்பிட்ட மருந்துகளின் சீட்டையும், காலி அட்டைகளையும், இரண்டு ரிப்போர்ட்டுகளையும் ஒரே கவரில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு வயிறு குடல் மருத்துவரைப் பாருங்கள்.